ஒலிபெருக்கியிலை சொன்ன பேர்

எங்கடை பக்கத்திலை ஆரும் செத்தா, அதை ஊருக்குச் சொல்லுறது என்ரை குரல். மருதனார்மடச் சந்தியிலை இருந்து ஒரு ஓட்டோ மெதுவா ஊர்ந்து வரும். மேலை ரெண்டு ஒலிபெருக்கி கட்டியிருக்கும். "மரண அறிவித்தல்" எண்டு தொடங்கி ஒரு குரல் கேக்கும். இளைப்பாறின வாத்தியார் ஒருத்தர்தான் வாசிக்கிறார் எண்டு கன சனம் நினைச்சுக்கொண்டு இருக்கு. ஓ.எல். சோதினையைப் பாதியிலை விட்டிட்டு ஓடின ஒருத்தனை அந்தக் குரலுக்குப் பின்னாலை வைச்சுப் பாக்க ஆருக்கும் மனம் வராது.

நான் வேலை செய்யிறது சந்தியிலை ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, கலியாணக் காட், பிறந்தநாள் பனர், செத்தவீட்டு அறிவித்தல் எல்லாம் அங்கை செய்யலாம். முதலாளி அண்ணை கொம்பியூட்டரிலை அடிப்பார். நான் பின் அறைக்கை, சுவரோடை பழைய மெத்தையைச் சாத்தி வைச்சிட்டு, மைக்கிலை வாசிப்பன். அன்னார், பூதவுடல், தகனக்கிரியை எண்டு நான் அங்கை சொல்லுற சொல்லு ஒண்டையும் வீட்டிலை பாவிக்கிறேல்லை.

"உன்ரை குரலுக்குச் செத்தவனே எழும்பி வந்து, ஆரடா செத்ததெண்டு கேப்பான்" எண்டு முதலாளி அண்ணை சொல்லுவார்.

"வந்தா விட்டிடாதேங்கோ அண்ணை, இருத்தி வைச்சு ஒரு நல்ல படம் எடுப்பம். எல்லாரும் அடையாள அட்டைப் படத்தைத்தான் கொண்டந்து தருகினம். அதிலை ஆக்கள் சாகேக்கை இருந்ததை விட மோசமா இருக்கினம்."

எங்கடை ஆக்கள் புதுசா ஒண்டு வந்தா முதல்ல ஏசுவினம். பிறகு கேப்பினம். அதுக்குப் பிறகு அது இல்லையெண்டு ஏசுவினம். முந்திப் பறைச் சத்தம் கேட்டாச் செத்தவீடெண்டு ஊருக்குத் தெரியும். தூரத்துச் சொந்தத்துக்கு ஒராள் சைக்கிளிலை போய், வாசல் படலையிலை நிண்டு சொல்லிப்போட்டு, தண்ணியும் குடிக்காமல் திரும்பி வரும். ஒலிபெருக்கி வந்தோண்ணை, "செத்தவீடோ, படக் கொட்டகையோ" எண்டு ஏசினவையாம். பிறகு போனிலை அனுப்பத் தொடங்கினம். "செத்தவனையும் உந்தப் பெட்டிக்கை போட்டு அடைக்கிறியளோ" எண்டு ஒரு ஐயா கடைக்கே வந்து என்னோடை சண்டை பிடிச்சார். அந்த ஐயா செத்த நேரம், போனிலை அறிவித்தல் பிந்திப் போச்செண்டு அவற்றை மகன் லண்டனிலை இருந்து எடுத்து எங்களைக் கிழிச்சவன். இப்ப கமராவும் வந்திட்டுது. ரொறன்ரோவிலை இருந்துகொண்டு, "தம்பி, கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு, மாமி மறைக்கிறா" எண்டு சொல்லுவினம்.

என்ன வந்தாலும் அறிவித்தலின்ரை ஒழுங்கு மட்டும் மாறேல்லை. செத்தவர் ஆற்றை பிள்ளை, ஆற்றை புருசன், ஆற்றை தேப்பன், ஆற்றை மாமன், ஆற்றை பேரன். அந்த வரியளுக்கை உங்கடை பேர் இருந்தா நீங்கள் சொந்தம். இல்லாட்டி முத்தத்துக் கதிரையிலை கொஞ்ச நேரம் இருந்து, வெத்திலை போட்டிட்டுப் போற ஆள். பேர் விடுபட்டு, ஒரு தலைமுறைக்குக் கதை பேச்சில்லாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அதாலைதான் நான் இந்தக் கதையிலை ஒருத்தற்றை பேரும் எழுதேல்லை. எல்லாரையும் விட்டா ஒருத்தரும் கோவிக்கேலாது.

எங்கடை அப்பா செத்தது தோட்டத்திலை. வெங்காயத்துக்குத் தண்ணி மாறப் போனவர். தண்ணி இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டே கிடந்திருக்கு. வாய்க்கால் உடைச்சுத் தன்ரை தோட்டத்துக்குத் தண்ணி போகுதெண்டு பக்கத்துக் காணிக்காரர் ஏசிக்கொண்டு வந்து பாத்திருக்கிறார். அப்பா வரம்பிலை சரிஞ்சு கிடந்தாராம். மண்வெட்டி கையிலை. அந்த மனுசன் முதல்ல மிசினை நிப்பாட்டிப்போட்டுத்தான் எங்களைக் கூப்பிட வந்தவர். அந்தச் சத்தம் நிண்டதுதான் எனக்கு முதல் வந்த செய்தி. நான் படுக்கையிலை கிடந்தபடி, "என்ன, இவ்வளவு கெதியா இறைச்சு முடிச்சிட்டாரோ" எண்டு யோசிச்சனான்.

அப்பாவுக்கு நாங்கள் ரெண்டு பேர். அக்கா மூத்தது, பிறகு நான். அக்கா ரவுணிலை ஒரு கடையிலை வேலை செய்யேக்கை கொழும்புத்துறைப் பொடியன் ஒராளை விரும்பிப் போய்க் கட்டினவள். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போற ஆள், கடற்றொழில். அதுக்கு மேலை வேறை கதையும் இருக்கு. அதை எங்கடை ஊரிலை வாயாலை சொல்லமாட்டினம், மனசுக்கை மட்டும் வைச்சிருப்பினம். அவளுக்கு ஒரு பெட்டைக் குஞ்சு, இப்பதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினது. அப்பா அக்காவோடை கதைக்கிறேல்லை. அக்காவைப் பற்றிக் கூடாமல் கதைக்கிறவனோடையும் கதைக்கிறேல்லை. நான் அங்கை போய் வாறனான். வரேக்கை அத்தான் ஒரு பை மீன் தந்துவிடுவார். எங்காலை மீனெண்டு அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. முள்ளு எடுத்துச் சாப்பிடுவார்.

அண்டைக்கு எல்லாத்தையும் பாத்தது பெரியப்பா, அப்பாவின்ரை தமையன். கோயில் நிர்வாகத்திலை இருக்கிறவர். அவர் வந்து நிண்டாத்தான் ஊர் வரும். அவர் கோவிச்சுக்கொண்டு படலையைத் தாண்டினா அவருக்குப் பின்னாலை பாதிச் சனம் எழும்பிப் போகும். பாடை தூக்க நாங்கள் ஆள் தேடோணும்.

பெரியப்பா அறிவித்தலைத் தன்ரை கையாலை எழுதிக் கொண்டந்து என்னட்டைத் தந்தார். நான் வாசிச்சுப் பாத்தன். மகன் எண்டு என்ரை பேர் கிடந்தது. அதோடை முடிஞ்சுது.

"பெரியப்பா, அக்கா?"

"கொக்காவைப் போட்டா மருமோன் எண்டு அவனையும் போடோணும். அவனைப் போட்டா அவன்ரை தாய் தேப்பன் எங்களுக்குச் சம்பந்தி. உது ஒரு பேரில்லையடா, வள்ளம். ஒராள் ஏறினா எல்லாரும் ஏறுவினம்."

"வள்ளமெண்டாப் பயமில்லைப் பெரியப்பா, அத்தானுக்கு ஓட்டத் தெரியும்."

"தேப்பன் உள்ளுக்கை கிடக்கிறான், உனக்குப் பகிடி" எண்டார். நான் அந்தக் கடுதாசியை மடிச்சுக்கொண்டு கடைக்குப் போனன். அவருக்கும் அது தம்பிதானே.

முதலாளி அண்ணை அதை அடிச்சார். அப்பாவின்ரை படத்தைச் சுத்திப் பூச் சட்டம் வைச்சார். என்ரை முகத்தைப் பாக்காமல் போனிலை அனுப்பினார். கனடா, லண்டன், பிரான்ஸ் எல்லாம் அந்த நிமிசமே போய்ச் சேந்திட்டுது. பேப்பருக்கும் போச்சு. பிறகு நான் பின் அறைக்கை போய் மெத்தையைச் சாத்தினன்.

"நீ வேண்டாமடா, நான் வாசிக்கிறன்" எண்டார் முதலாளி அண்ணை.

"நீங்கள் வாசிச்சா அப்பா நம்பமாட்டார் அண்ணை."

நான்தான் வாசிச்சன். குரல் உடையேல்லை. "அப்பா" எண்டு எழுதியிருந்தா உடைஞ்சிருக்கும். "அன்னார்" எண்டுதானே கிடந்தது.

வெளியிலை வந்து அக்காவுக்குப் போன் எடுத்தன். அடிச்சுக்கொண்டே கிடந்தது, எடுக்கேல்லை. குரலிலை ஒண்டு சொல்லி அனுப்பினன். அவள் கேட்டிட்டாள் எண்டு நீலக் கோடு காட்டினது. மறுமொழி வரேல்லை.

பின்னேரம், அப்பாவின்ரை கால்மாட்டிலை இருந்த அம்மா என்ரை கையைப் பிடிச்சு இழுத்தா.

"மூத்த பிள்ளைக்குச் சொன்னதோ?"

"போனிலை போட்டாச்சம்மா. அவளும் கேட்டிட்டாள்."

"அது ஊருக்குப் போட்டது. பிள்ளையட்டை நேரை போய் ஆர் சொன்னது?"

அம்மா பிடிச்ச கையை விடேல்லை. என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா.

"அவள் வந்து வாய்க்கரிசி போடாமல் நான் இவரைத் தூக்க விடன்" எண்டா. சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேக்கத்தான் சொன்னா. ஆனா அம்மா ஒரு விசயத்தை மெல்லச் சொன்னா அது முடிஞ்ச விசயம்.

அடுத்த நாள் மத்தியானம் எடுக்கிறதெண்டு முடிவாகியிருந்தது. காலமை ஐயர் வந்து நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிச் சொன்னார். புது நேரத்தை ஊருக்குச் சொல்லோணும். எடுக்கிற அண்டைக்குக் கொள்ளி வைக்கிறவன் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, அது நான்தான். "ஒலிபெருக்கியிலை நேரம் மாத்தவேணும், நான் போனாத்தான் சரி" எண்டு பெரியப்பாவுக்குச் சொல்லிப்போட்டு ஓட்டோவிலை ஏறினன். பின் சீற்றிலை மைக் கிடந்தது. சந்தி தாண்டினோண்ணை ஓட்டோ அண்ணைக்குச் சொன்னன்.

"கொழும்புத்துறைக்கு விடுங்கோ."

"அங்கை ஆரடா கொப்பற்றை செத்தவீட்டுக்கு வரப்போறது?"

"வராட்டிச் செத்தவீடு நடக்காது அண்ணை. அம்மா அப்பாவை வைச்சுக்கொண்டு இருப்பா."

அவர் திரும்பி என்னைப் பாத்தார். பேந்து ஓட்டோவைக் கொழும்புத்துறைப் பக்கம் திருப்பினார்.

அக்காவின்ரை வீட்டுச் சின்னத் தெருவிலை, அந்த ஒழுங்கையிலை, வலை காயப் போட்டிருந்தது. கடல் தண்ணி அசையாமல் கிடந்தது. நான் இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். எனக்கு அந்தத் துணிவு வரேல்லை. மைக்கைக் கையிலை எடுத்தா மட்டும்தான் நான் வாத்தியார். ஓட்டோவுக்கை இருந்தபடியே, "மரண அறிவித்தல்" எண்டு தொடங்கினன். எழுதினது ஒண்டும் கையிலை இல்லை. அப்பாவின்ரை பேர், ஊர். அதுக்குப் பிறகு "அன்னாரின் பாசமிகு மகன்" எண்டு என்ரை பேர், "பாசமிகு மகள்" எண்டு அக்காவின்ரை பேர், "அன்பு மருமகன்" எண்டு அத்தான்ரை பேர், "அன்புப் பேத்தி" எண்டு அந்தக் குஞ்சின்ரை பேர். ஒழுங்கை முழுக்கச் சனம் வெளியிலை வந்திட்டுது. கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவன் எழும்பிச் சிலுவை போட்டார்.

அக்கா வாசலுக்கு வந்தாள். அழுது முடிச்ச முகம். கையிலை போன். அதைத் திருப்பி என்ரை மூஞ்சைக்கு நேரை பிடிச்சாள். எங்கடை கடையிலை அடிச்ச அறிவித்தல்.

"பூச் சட்டம் வடிவாத்தான் இருக்கு" எண்டாள்.

"அக்கா, அது பெரியப்பா எழுதினது."

"இப்ப வாசிச்சது ஆர் எழுதினது?"

"எழுதேல்லை. வாயாலைதான் சொன்னனான்."

"அதை இஞ்சை ஆருக்கடா சொல்லுறாய்? நான் ஆற்றை பிள்ளையெண்டு இந்த ஒழுங்கைக்குத் தெரியும். சண்டை வந்தா அதைச் சொல்லித்தானே ஏசுறவை. உதை எங்கடை சந்தியிலை வந்து சொல்லு. சொன்னா வாறன். அந்தச் சனத்துக்குக் கேக்கச் சொல்லிப்போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ. ஒளிச்சு வந்து ஒரு மூலையிலை நிண்டு அப்பாவைப் பாக்க என்னாலை ஏலாது."

சந்தியிலை சொன்னாப் பெரியப்பாவுக்குக் கேக்கும். அவர் எழும்பிப் போனா அப்பாவின்ரை பாடையை ஆர் தூக்குறது? சொல்லாட்டி அக்கா வரமாட்டாள். அக்கா வராட்டி அம்மா விடமாட்டா.

"ஏறு" எண்டன்.

அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். பிள்ளை கோயிலுக்குப் போற வெள்ளைச் சட்டையோடை, கழுத்திலை சின்னச் சிலுவைச் சங்கிலியோடை இருந்தது. அத்தான் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்திலை நிண்டார்.

"தம்பி, நான் படலைக்கு வெளியிலை நிக்கிறன். அது காணும்."

"அத்தான், பாடைக்கு உயரமா ஒராள் குறையுது. பின்னாலை வாங்கோ."

வழியிலை பிள்ளை மைக்கைக் காட்டி, "மாமா, இதுக்கை ஊதினா எல்லாருக்கும் கேக்குமோ" எண்டு கேட்டது. "கேக்கும், அதுதான் பயம்" எண்டன்.

எங்கடை ஊர்ச் சந்தியிலை வைரவர் கோயிலடியிலை ஓட்டோ நிண்டது. செத்தவீட்டுக்குப் போற சனம் றோட்டாலை நடந்துகொண்டிருந்தது. மைக்கை ஒருக்கா எடுத்திட்டுத் திரும்ப மடியிலை வைச்சன். அந்த மைக்கிலை எத்தினை பேரைச் சாகடிச்சிருப்பன், ஒரு நாளும் எடுத்த மைக்கைத் திருப்பி வைச்சதில்லை. அக்கா பிள்ளையின்ரை தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு இருந்தாள்.

நான் வாசிச்சன். மகன், மகள், மருமகன், பேத்தி. அவளின்ரை பேர் வந்த இடத்திலை றோட்டாலை போனவை நிண்டிட்டினம். சைக்கிளிலை வந்த ஒராள் காலை ஊண்டிக்கொண்டு நிண்டார். ஓட்டோ அண்ணை மெதுவா ஓட்டினார், வழக்கத்தை விட மெதுவா. நான் திரும்பவும் வாசிச்சன். எங்கடை படலைக்கு வந்து சேருமட்டும் வாசிச்சன். உள்ளுக்கை அடிச்சுக்கொண்டிருந்த பறை நிண்டுபோச்சு.

படலையடியிலை பெரியப்பா நிண்டார். அக்கா இறங்கினாள். அவர் அவளைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தார்.

"ஒழுங்கு பிழை" எண்டார்.

"என்ன பெரியப்பா?"

"மூத்தது அவள். உன்ரை பேருக்கு முதல் அவளின்ரை பேரைச் சொல்லோணும். இவ்வளவு காலம் ஊருக்கெல்லாம் வாசிக்கிறாய், ஒழுங்கு தெரியேல்லை."

சொல்லிப்போட்டுத் திரும்பி உள்ளுக்கை போயிட்டார். அது சம்மதமோ, என்னைப் பிழை பிடிக்கிற பழக்கமோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனா அவர் படலையைத் தாண்டி வெளியிலை போகேல்லை. முத்தத்திலை எழும்பி நிண்ட சனம் அவரைப் பாத்திட்டுத் திரும்ப இருந்திட்டுது.

அக்கா அப்பாவின்ரை தலைமாட்டிலை போய் விழுந்தாள். அம்மா அவளின்ரை முதுகிலை கையை வைச்சா. அவ்வளவுதான். அக்கா வாய்க்கரிசி போட்டாள். அம்மா தூக்க விட்டா.

தூக்கிறதுக்கு முதல் பந்தம் பிடிக்கிறது. எங்கடை ஆக்களிலை பேரப்பிள்ளையள்தான் பாடையைச் சுத்தி நெய்ப் பந்தம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. பெரியப்பா தன்ரை பேரப்பிள்ளையளை ஆயத்தப்படுத்தி வைச்சிருந்தார். ஐயர், "பேரப்பிள்ளையள் வாங்கோ" எண்டு கூப்பிட்டோண்ணை, அம்மா அந்தக் குஞ்சின்ரை தோளிலை பிடிச்சு முன்னுக்குத் தள்ளிவிட்டா. ஆரும் மறிக்கேல்லை. அது நெருப்பையே பாத்தபடி, மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. கழுத்திலை சிலுவை மினுங்கினது. கமராக்காரப் பொடியன் ஒண்டும் தெரியாதவன், நெருப்பு வடிவா விழுகுதெண்டு அவளுக்குக் கிட்டப் போய் நிண்டுட்டான்.

அத்தான் பின் பக்கத்துத் தடியிலை தோள் குடுத்தார். பெரியப்பா முன்னுக்குப் போனபடியாலை பாக்கேல்லை. பாத்திருந்தாலும் பாக்கேல்லை எண்டுதான் சொல்லுவார்.

சுடலையாலை வந்து தோய்ஞ்சிட்டு இருக்கேக்கை பெரியப்பாவின்ரை போன் அடிக்கத் தொடங்கினது. முதல்ல கனடாவிலை இருந்து அத்தை. அவர் போனைச் சத்தமா வைச்சுத்தான் கதைக்கிறவர், எல்லாருக்கும் கேக்கும்.

"அண்ணை, கமராவிலை எல்லாம் வடிவாப் பாத்தனாங்கள். பந்தம் பிடிச்சுக்கொண்டு நிண்ட வெள்ளைச் சட்டைப் பெட்டை ஆர்? அறிவித்தலிலை பேத்தி எண்டு ஒருத்தரும் இல்லையே?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஆரோ அயலட்டைப் பிள்ளை."

"அயலட்டைப் பிள்ளை பந்தம் பிடிக்குமோ? அதுக்குச் சின்னண்ணையின்ரை மூக்கெல்லோ!"

பெரியப்பா தலையைத் திருப்பிப் பாத்தார். குசினி வாசலிலை அக்கா கையிலை தண்ணிச் செம்போடை நிண்டாள், அசையேல்லை.

"தம்பியின்ரை பேத்தி" எண்டார் மெல்ல.

"என்ன அண்ணை? இழுபடுது, விளங்கேல்லை."

"தம்பியின்ரை பேத்தி எண்டுறன்."

அவர் போனை வைக்க லண்டன் எடுத்தது. பிறகு பிரான்ஸ். எல்லாரும் அதே கேள்வி. பேப்பரிலை போட்டதைத் திருப்பி எடுக்கேலாது. போனிலை போனது இப்பவும் எங்கையாவது ஆற்றையோ கையிலை போய்க்கொண்டுதான் இருக்கு, அக்காவின்ரை பேர் இல்லாமல். நான் சந்தியிலை சொன்னது கடல் தாண்டிப் போகேல்லை. அதாலை பெரியப்பாதான் ஒவ்வொருத்தருக்கும் தன்ரை வாயாலை சொல்லவேண்டி வந்தது.

நான் கிட்டப் போய், "பெரியப்பா, களைச்சா மைக்கைக் கொண்டந்து தரட்டோ" எண்டு கேட்டன்.

கையை ஓங்கினார். அதுக்கிடையிலை திரும்பவும் அடிச்சுது. ஒஸ்ரேலியா. பிள்ளை அவற்றை கதிரைக் காலடியிலை வந்து குந்திக்கொண்டு, போனுக்கை இருந்து வாற குரலை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒண்டும் விளங்கேல்லைப் போலை.

"பேத்தி!" எண்டு பெரியப்பா கத்தினார், பக்கத்து வீட்டு வேலிக்கும் கேக்க. "பேத்தி! மூத்தவளின்ரை பிள்ளை! ஓம், எங்கடை மூத்தவளின்ரை!"